அது குப்பை இல்ல மாமா, புகைப்பெட்டி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு, மாப்பிள்ளை வணக்கத்தோட எழுதறது.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கு உங்க செய்தி வந்து சேந்துச்சு. நேரத்தை இவ்வளவு கறாரா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. அந்த நிமிஷம் நான் பால் பவுடர் ஃபேக்டரியில நீராவிக் குழாய்க்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணியத் தடவி, எங்கயாவது குமிழி வருதான்னு வாட்ச்சையும் குழாயையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். முழங்கை பட்டு, சட்டைப் பையில இருந்த போன் உங்க குரல்ல பேச ஆரம்பிச்சுடுச்சு. அது எங்க போய் முடிஞ்சுதுன்னு பின்னால சொல்றேன். கடிதம்னா முதல்ல சௌக்கியம் விசாரிக்கணும். உங்க முட்டி வலி, அத்தையோட சுகர், ரெண்டையும் விசாரிச்சதா வெச்சுக்குங்க. நான் சௌக்கியம்னு எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க, இல்லன்னு எழுதினா அடுத்த பஸ்ஸப் பிடிப்பீங்க, அதனால இருக்கேன்னு மட்டும் எழுதிக்கறேன்.

செய்தி என்னன்னா, "மாப்ள, ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு இரும்புக்கடை வண்டியோட வர்றேன். பின்பக்கம் அவ சேத்து வெச்ச சாமானையெல்லாம் அள்ளி ஏத்திடலாம். தினம் அதப் பாத்துக்கிட்டே இருந்தா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா ஓரமா நின்னாப் போதும்." குழாய்க்கு அந்தப் பக்கம் ஸ்பேனரோட நின்ன ஃபிட்டர், "சார், மாமனாரா?"ன்னாரு. ஆமான்னேன். "வண்டின்னா பெரிய வண்டியா, சின்ன வண்டியா?"ன்னாரு. அந்த மனுஷனுக்கு அவர் கவலை. நான் குமிழியப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். உங்க பொண்ணு கண்ண மூடினதுல இருந்து ஓரமா நிக்கறது ஒண்ணுதான் மாமா நான் உருப்படியாப் பண்ற வேலை, அதுக்கு நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து வண்டி வெச்சுட்டு வந்து பயிற்சி குடுக்க வேண்டியதில்ல.

உங்களைக் குத்தம் சொல்லல. ஆயுசு பூரா ஸ்டோர் கீப்பரா இருந்தவர் நீங்க. ஒரு சாமான் மூணு மாசம் இடத்தை விட்டு அசையலன்னா அது சாமான் இல்ல, குப்பைன்னு நீங்க கல்யாணப் பேச்சு பேச வந்த அன்னிக்கே என் பெஞ்சுக்கடியில குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கு. அந்தக் கணக்குப்படி பாத்தா பின்பக்கம் கெடக்கறது குப்பைதான். அந்தக் கணக்குப்படி பாத்தா நானும் குப்பைதான், என்னையும் சேத்து வண்டியில ஏத்தணும். ஆனா அதையெல்லாம் அவ கொண்டு வந்தது குப்பைக்காக இல்ல. அவளுக்குப் புகைப்பெட்டி செய்யணும். கறிய நெருப்புல காட்டாம, மெதுவாப் புகையிலயே மணிக்கணக்கா வெச்சு எடுக்கற பெட்டி. அவ வேலை பாத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த யாரோ ஒரு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க, அன்னிக்கு சாயங்காலமே, "இன்ஜினியர் சார், புகையில கறி வேகும் தெரியுமா?"ன்னு கேட்டா. வேகாது, காயும்னேன். "வெந்துட்டா?"ன்னா. வெந்தா நான் வீட்டை விட்டுப் போறேன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னது.

அதுக்கப்புறம் அவ கண்ணுல பட்ட குப்பை ஒண்ணும் தப்பிக்கல. ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்துக்கிட்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க"ம்பா. ஏதோ தெரிஞ்சவங்களப் பாத்துட்டான்னு நிறுத்தினா, ஒரு தொட்டிக்குப் பக்கத்துல வாஷிங் மெஷினோட ட்ரம் கெடக்கும். மூடின பேக்கரியில இருந்து புகைக்குழாய், பழைய ஓவன் தட்டுங்க, ஒரு இரும்புப் பீப்பாய், கால் உடைஞ்ச இரும்பு மேஜை, மோட்டார் இல்லாத ஒரு பழைய பிரிட்ஜ். அந்த ஓவன் தட்ட ஒரு தடவை தலைமேல கவுத்துப் பிடிச்சுக்கிட்டு கடைவீதி முழுக்க வந்தா. என் மேனேஜர் எதிர்ல வந்தாரு. நான் ஹெல்மெட் கண்ணாடிய இறக்கி விட்டுக்கிட்டேன். இவ அந்தத் தட்டுக்கடியில இருந்து அவருக்கு வணக்கம் வெச்சா.

எதுக்கு இதெல்லாம் எழுதறேன்னா, வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் லீவு போட்டேன். இந்த வருஷம் நானாக் கேட்டு எடுத்த முதல் லீவு. காரணம்ங்கற எடத்துல "மாமனார் வருகை"ன்னு எழுதினேன், மேனேஜர் ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டாரு, அவருக்கும் மாமனார் இருப்பாரு போல. கணக்கு சாதாரணம். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு அது சாமானாக் கெடந்தா உங்க வண்டியில ஏறும். ஓடிக்கிட்டு இருக்கற மெஷினா இருந்தா ஏறாது. எந்த ஸ்டோர் கீப்பரும் சூடா இருக்கறதத் தூக்கி வண்டியில போட மாட்டாரு.

வியாழக்கிழமை காலைல பிரிட்ஜப் பிரிச்சேன். பழைய பிரிட்ஜுக்குள்ள பிளாஸ்டிக் இருக்கும், அதுக்குப் பின்னால மஞ்சளா நுரைப் பஞ்சு இருக்கும், ரெண்டையும் சுரண்டி எடுத்துட்டு வெறும் இரும்புக் கூடா ஆக்காம உள்ள சூடு ஏத்தினா கறி இல்ல, விஷம்தான் வரும். சுரண்ட ஆரம்பிச்சேன். காத்து வரும்னு நான் நினைக்கல. அந்தப் பஞ்சு பொடிப்பொடியாப் பறந்து நேரா மாடிக்குப் போச்சு. மாடியில குடியிருக்கற கண்டக்டர் அக்காவ உங்களுக்குத் தெரியும், உங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுச் சாவிய வெச்சிருந்தாங்களே, அவங்கதான். அவங்க யூனிஃபார்ம் ரெண்டும் ஈரமாக் கொடியில கெடந்துச்சு. பஞ்சு அதுல போய் ஒட்டி, காக்கி கலரு எலுமிச்சம்பழக் கலரு ஆயிடுச்சு. மேல இருந்து விசில் சத்தம் வந்துச்சு மாமா. பஸ்ஸ நிறுத்தற விசில். என் கை தானா நின்னுடுச்சு. "என்ன தம்பி அது?"ன்னாங்க. பிரிட்ஜுதான்க்கா, கறிய புகை போடறதுக்குன்னேன். "பஸ்ல தினம் ஆயிரம் பேரப் பாக்கறேன். இப்படி ஒரு பதில யாரும் சொன்னதில்ல"ன்னுட்டு யூனிஃபார்ம உதறிக்கிட்டே உள்ள போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை பெயின்ட் எரிச்சேன். கூட்டுக்கு மேல இருக்கற பழைய பெயின்ட்டு சமைக்கறப்ப எரியக்கூடாது, அதனால முன்னாடியே நெருப்பு வெச்சு எரிச்சுடணும், அப்புறம் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுடணும். வாஷிங் மெஷின் ட்ரம் எவர்சில்வர், சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கும், நெருப்பு வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி. அதுல கட்டைய அடுக்கி, கூட்ட மேல கவுத்து, பத்த வெச்சேன். கருப்பா ஒரு புகை கெளம்புச்சு பாருங்க, எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. அடுத்த நிமிஷம் மாடியில இருந்து ஒரு வாளித் தண்ணி வந்துச்சு. நெருப்பு மேல ஒரு சொட்டு விழல, மொத்தமும் என் தலையில. நிமிந்து பாத்தா அக்கா காலி வாளியோட நிக்கறாங்க. "நெருப்பு எங்க வெச்சிருக்க, சாமானுக்கா, உனக்கா?"ன்னாங்க. சாமானுக்குத்தான்க்கான்னேன். "நெஜமா?" நெஜமாக்கா. "சரி, நனைஞ்சது நனைஞ்சுட்ட, தலைய சோப்பு போட்டுக் குளி, எத்தனை நாளாச்சு"ன்னாங்க.

நான் குளிச்சுட்டு வந்து பாத்தா அக்கா கீழ இறங்கி வந்து அதே வாளியக் கவுத்துப் போட்டு, அதும்மேல உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்காங்க. அவங்க வீட்டுல நறுக்க எடம் இல்லையாம். பீன்ஸ் முடிஞ்சதும் கேரட். கேரட் முடிஞ்சதும் அவங்க டியூட்டிக்குப் போக, அவங்க வீட்டுக்காரர் பிரெட் வண்டி ஓட்டற அண்ணன் அதே வாளிமேல வந்து உக்காந்து, நறுக்க ஒண்ணும் இல்லாம, பேசவும் தெரியாம, வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் இப்பதான் கண்டுபிடிச்சேன் மாமா. இது இன்னிக்கு நேத்து நடக்கறது இல்ல. இத்தனை மாசமா நான் பின்பக்கம் வந்தாலே இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் துணி காயப்போடற வேலை வந்துடும். ஒரு வீட்டுல எவ்வளவு துணிதான் காயும்னு நான் ஒரு நாள் யோசிச்சிருக்கணும். ஷிஃப்ட் போட்டுக் காவல் காத்திருக்காங்க. அண்ணே, நீங்க போய் வண்டியப் பாருங்க, நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்னு நேரடியாவே சொன்னேன். அவரு, "அதெல்லாம் இல்ல தம்பி, எனக்கு இந்த வாளி ரொம்ப வசதியா இருக்கு"ன்னாரு.

அந்த நேரம் பாத்து உங்க இரும்புக்கடைக்காரர் வந்தாரு. எவ்வளவு சாமான், எந்த அளவு வண்டின்னு முன்கூட்டிப் பாத்துட்டுப் போக நீங்கதான் அனுப்பினீங்களாம். ஆள் வாசல்ல நின்னு பாக்கறாரு, நான் பிரிட்ஜ் கதவுக்குப் புது நட்டு போட்டுக்கிட்டு இருக்கேன். "சார், நாளன்னிக்கு வண்டியில ஏறப்போற சாமானுக்கு எதுக்கு சார் நட்டு?"ன்னாரு. ஏறாதுன்னேன். "பெரியவர் ஏறும்னாரே." பெரியவருக்குத் தெரியாதுன்னேன். அவரு உள்ள வந்து பிரிட்ஜத் தட்டிப் பாத்தாரு, மேஜைக் காலை ஆட்டிப் பாத்தாரு, துத்தநாகப் பூச்சு போட்ட தகட்ட நான் ஒதுக்கி வெச்சிருக்கறதப் பாத்துட்டு, "இத ஏன் சார் தள்ளி வெச்சிருக்கீங்க?"ன்னாரு. சூடானா கெட்ட புகை விடும், சாப்பாட்டுக்கு ஆகாதுன்னேன். "சாப்பாடா?"ன்னாரு. அதுக்கப்புறம் அவர் நடத்தையே மாறிடுச்சு. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, புகைக்குழாயோட அந்த முனைய அவரே பிடிச்சாரு. குழாய ட்ரம்முக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல இணைக்க ரெண்டு ஆள் வேணும், பிரெட் அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. வேலை முடிஞ்சதும் இரும்புக்கடைக்காரர், "பெரியவர்கிட்ட நான் வந்து பாத்துட்டேன்னு மட்டும் சொல்றேன், என்ன பாத்தேன்னு நீங்களே சொல்லிக்குங்க"ன்னுட்டுப் போனாரு. அதனால அவர் போன்ல உங்ககிட்ட மென்னு முழுங்கியிருந்தா திட்டாதீங்க.

இனிமேல்தான் மாமா என் படிப்பு வேலை செஞ்ச கட்டம். நான் கசிவு பிடிக்கறவன். என் கைக்கு வந்த ஒரு ஜாயின்ட்டும் இதுவரைக்கும் மூச்சு விட்டதில்ல. அந்தக் கையோட புகைப்பெட்டியப் பாத்தேன். கதவு ஓரத்துல ஓவனுக்குப் போடற கண்ணாடிநார்க் கயிறு, குழாய் மூட்டுல சூடு தாங்கற மண் பூச்சு, நெருப்பு ட்ரம்ம வெச்ச இரும்புப் பீப்பாய்க்கு இறுக்கின மூடி. பிரிட்ஜுக்கு மேல ஒண்ணு, பீப்பாய்க்குக் கீழ பக்கவாட்டுல ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டை இருந்துச்சு, பழைய சாமான்தானே, எவனோ போட்டிருப்பான்னு ரெண்டுக்கும் தகடு வெச்சு, போல்ட் போட்டு, பூசி அடைச்சேன். அப்புறம் எல்லா ஓரத்துலயும் சோப்புத் தண்ணி தடவி, ஸ்கூட்டர் டயருக்குக் காத்தடிக்கற பம்ப வெச்சு உள்ள காத்து குடுத்துப் பாத்தேன். ஒரு குமிழி இல்ல. சாக்பீஸ எடுத்துக் கதவுல "பாஸ்"னு எழுதினேன். எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

கொய்யாக் கட்டைய ட்ரம்ல போட்டுப் பத்த வெச்சேன். சோதனைக்குன்னு ஒரு துண்டு ஆட்டுக்கறிய உள்ள தொங்க விட்டேன். ஃபேக்டரியில கழிச்சுப் போட்ட தெர்மாமீட்டர் மூணு, மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கறிக்குள்ளயே ஒண்ணு சொருகி, எல்லாத்தையும் இறுக்கி மூடினேன். டியூட்டி முடிஞ்சு அக்காவும் வந்துட்டாங்க. மூணு பேரும் நின்னு பாக்கறோம். "புகை எங்க தம்பி?"ன்னாங்க அக்கா. வெளிய ஒரு பொட்டு வராதுக்கா, அதான் வேலைத்திறமைன்னேன். "அப்ப உள்ள இருக்கா?" உள்ள இருக்கும்க்கா. சூடு கொஞ்சம் ஏறுச்சு. அப்புறம் நின்னுச்சு. அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. ஏறி இறங்கற பஸ்ஸ அக்கா பாத்திருக்காங்க, முள்ளு இறங்கறத நான்தான் பாக்கணும், கொஞ்சம் நகந்து நின்னு முள்ள மறைச்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு பிரெட் அண்ணன், "தம்பி, தப்பா நினைச்சுக்காத, எங்க பிரெட் பெட்டி இதவிட சூடா இருக்கும்"னாரு. கதவத் திறந்தேன். நெருப்பு எப்பவோ அணைஞ்சிருக்கு. உள்ள போக ஒரு பொட்டுக் காத்துக்கு வழி இல்லாம நான்தான் அடைச்சிருக்கேனே, அது எங்கேந்து எரியும். கறி, விருந்துக்கு வந்து யாரும் கண்டுக்காத சித்தப்பா மாதிரி, வந்த கோலத்துலயே தொங்கிக்கிட்டு என்னைப் பாத்துச்சு. அக்கா அத எடுத்துட்டுப் போய் குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டாங்க. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு அதுதான்.

சனிக்கிழமை, அதாவது இன்னிக்கு விடிஞ்சதும் அக்கா வாளிமேல உக்காந்து, "ஒரு ஓட்டை போட்டுடேன், காத்து போயிட்டுப் போகுது"ன்னாங்க. ஓட்டை போட்டா அப்புறம் அது என்னக்கா சீல்னு கேட்டேன். "சீல் பண்ணி யாருக்கு தபால்ல அனுப்பப் போற?"ன்னாங்க. சரின்னு டிரில்ல எடுத்தேன். பெரிய ஓட்டை போடற வட்டப் பல்லு ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, அதைக் காணோம். அது ரொம்ப நாளாவே காணோம், பிரெட் அண்ணன்தான் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலன்னு நான் உள்ளுக்குள்ள ஒரு முடிவோட இருந்தேன், அதனாலதான் அவரோட சரியாவே பேசினதில்ல. இன்னிக்கு வாய்விட்டே கேட்டுட்டேன். அவரு வாங்கவே இல்லையாம். "ஓ, அதான் ரெண்டு வருஷமா நீ குட் மார்னிங் சொல்லலையா?"ன்னாரு. எல்லா எடத்துலயும் தேடினேன். கடைசியில, நீங்க நாளைக்கு ஏத்திட்டுப் போகட்டும்னு நானே ஒதுக்கி வெச்ச பிளாஸ்டிக் குவியல்ல, பிரிட்ஜோட காய்கறி டிரே இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு மஞ்சத் துணிப் பொட்டலம். கண்ணாடி துடைக்கற துணி, அவ கடைத் துணி. பிரிச்சா, என் வட்டப் பல்லு.

அப்புறம் நேத்து அடைச்ச தகட்டக் கழட்டினேன். மேல இருந்தது, கீழ இருந்தது, ரெண்டும். வட்டப் பல்ல அதுல வெச்சுப் பாத்தேன், மோதிரம் மாதிரி உக்காந்துச்சு. விரல விட்டுத் தடவினா ஓரத்துல ஒரு பிசிறு இல்ல மாமா. இரும்புல ஓட்டை போட்டா ஓரம் கையக் கிழிக்கும், நாங்க யாரும் அத உரசிக்கிட்டு இருக்க மாட்டோம். இது சுத்தி ஒரே சரிவா, கண்ணாடி லென்ஸுக்கு ஓரம் தேய்ப்பாங்களே, அந்தச் சரிவுல தேய்ச்சிருந்துச்சு. நாலு வருஷம் லென்ஸ் தேய்ச்ச கை. கீழ ஓட்டை காத்து உள்ள வர்றதுக்கு, மேல ஓட்டை புகை வெளிய போறதுக்கு. என்னைக் கேக்காம, என் சாமான எடுத்து, நான் இல்லாத நேரத்துல வேலையத் தொடங்கியிருக்கா. அந்த ஓட்டையத்தான் எவனோ போட்டதுன்னு நான் பூசி அடைச்சு, "பாஸ்"னு எழுதினேன். அக்கா வாளியக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டு, முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டாங்க.

அப்புறம் நெருப்பு பிடிச்சுக்கிச்சு. புகை குழாய் வழியா வந்து, பிரிட்ஜுக்குள்ள சுத்தி, மேல ஓட்டையில நீலமா, ஒல்லியா, அவசரமே இல்லாம வெளிய வந்துச்சு. அக்கா யூனிஃபார்ம எடுத்துட்டு உள்ள ஓடினாங்க. பிரெட் அண்ணன் ஒரு பாட்டம் இருமிட்டு, "வாசனை வருது தம்பி"ன்னாரு. கறிக்கடையில ரெண்டு முழுக்கோழியும் ஒரு ஆட்டுத்தொடையும் வாங்கிட்டு வந்து காலைலயே தொங்க விட்டாச்சு. இப்ப மத்தியானம். மூணு முள்ளும் நான் நிக்கச் சொன்ன எடத்துல நிக்குது. நான் வாளிமேல உக்காந்து, முட்டிமேல அட்டைய வெச்சு இத எழுதறேன். பிரெட் அண்ணன் லோடு எடுத்துட்டு உங்க ஊருக்குத்தான் வர்றாரு, சாயங்காலம் உங்க கையில நேரா குடுத்துடுவாரு.

ஆக மாமா, விஷயம் இவ்வளவுதான். பின்பக்கம் இருக்கறது இனிமே குப்பைக் கணக்குல வராது, ஓடற மெஷின் கணக்குல வரும். தயவு செஞ்சு இரும்புக்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. மிச்சம் இருக்கற தகடு, மேஜைக்கால், காய்கறி டிரே இதுவும் ஒண்ணும் போக வேண்டாம், ஒரு நட்டுகூட அசைய வேண்டாம். நீங்களும் சிரமப்பட்டுக் கெளம்ப வேண்டாம். போன தடவை வந்தப்ப பின் கதவு வரைக்கும் வந்துட்டு, அந்தத் தட்டுங்களப் பாத்துட்டு, தண்ணி குடிக்கணும்னு சொல்லித் திரும்பி ஹாலுக்குப் போயி உக்காந்துட்டீங்க. தண்ணியக் கொண்டு வந்து வெச்சேன், குடிக்கல. எனக்குக் கஷ்டம்னு நீங்க வண்டி பிடிக்கறது யாருக்காகன்னு எனக்கும் தெரியும், அதனாலதான் சொல்றேன், நீங்க இதெல்லாம் பாக்க வேண்டாம். நான் வேளைக்கு சாப்பிடறேன், வேலைக்குப் போறேன், நல்லாத்தான் இருக்கேன். இங்க ஒரு குறையும் இல்ல.

அத்தைக்கு என் நமஸ்காரம். மாத்திரைய வேளை தவறாமப் போட்டுக்கச் சொல்லுங்க. உங்க முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க, படிக்கட்டு ஏறாதீங்க. உங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம் எப்பவும் போல எனக்கு வேணும், அத அங்க இருந்தபடியே பண்ணினாப் போதும்.

இப்படிக்கு,
உங்க கீழ்ப்படிதல் உள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: பிரெட் அண்ணன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு, அதனால சுருக்கமா எழுதறேன். மேல எழுதினத அடிச்சுட்டதா நினைச்சுக்குங்க. இப்பதான் ஒரு கோழிக்கால பிச்சுப் பாத்தோம். வேகறதுல ஒரு குறை இல்ல, எலும்பு வரைக்கும் வெந்திருக்கு, அந்தப் பந்தயத்துல நான் தோத்துட்டேன். புகை நல்லா ஏறியிருக்கு. உப்பு போடல. மூணு தெர்மாமீட்டர் சொருகினவன் உப்பு போடல. அக்கா வாயில வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. நானும் மென்னுக்கிட்டே நின்னேன். உங்க பொண்ணு போனதுக்கப்புறம் யார் என்ன போட்டாலும் உள்ள போச்சு, வெந்ததா வேகாததா, காரமா சப்புன்னு இருக்கான்னு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. வாயில ஒண்ண வெச்சுட்டு, இதுல என்னமோ குறையுதேன்னு எனக்குத் தோணினது இதுதான் முதல் தடவை. தோணினதும் கண்ணு கலங்கிடுச்சு, புகைதான்னு அக்காகிட்ட சொன்னேன், அவங்க காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குதுன்னாங்க.

அதனால நாளைக்கு வாங்க மாமா. அத்தையையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க, உப்புக்கு அவங்கதான் பொறுப்பு. ஆட்டுத்தொடை ரொம்ப பெருசு, ஒருத்தனால ஆகாது. வண்டியும் வரட்டும். ஓடறத விட்டுட்டு மிச்சத்துல எது போகணும், எது இருக்கணும்னு நீங்களும் நானுமா நின்னு பாத்துப்போம், உங்களால முடியலன்னா ஹாலுக்குப் போயிடலாம், நானும் கூட வர்றேன். கடிதத்துல வராதீங்கன்னு எழுதியிருக்கு, கீழ வாங்கன்னு எழுதியிருக்கு, எது சரின்னு கேக்க மட்டும் போன் பண்ணிடாதீங்க. உங்க குரலக் கேட்டா, வேண்டாம் மாமா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு வாய் பழக்கத்துல தானாச் சொல்லிடும். அதுக்குத்தான் போன ஆஃப் பண்ணிட்டேன்.